முதலாளி ஏறிப் போன வண்டி

உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். கட்டில்லயே உக்காருங்க. காபி கீபி கிடையாது சார், முன்னாடியே சொல்லிடறேன். வெச்சுக் குடுத்தவ போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு.

முதலாளி பேரன் அனுப்பினாரா உங்களை? திலீப்பு? அவருக்கு இந்தத் தெரு தெரியாதாக்கும். அவரோட தாத்தாவுக்குத் தெரியும். என் கல்யாணத்துக்கு இதே வாசல்ல வந்து இறங்கினாரு மனுசன். மூணாவது வண்டியில. தயிர் கலர் வண்டி, நம்பர் கூட்டினா ஒன்பது வரும். பன்னெண்டு வண்டியும் அப்படித்தான், கூட்டினா ஒன்பது. உங்க மியூசியம் போர்டுல அதைப் போட்டிருக்கீங்களா? போட்டிருக்க மாட்டீங்க. தெரிஞ்சாத்தானே போடறதுக்கு?

பழைய வண்டியெல்லாம் புதுசாக்கறவரு நீங்க, மெட்ராஸ்ல இருந்து வந்திருக்கீங்க, சந்தோஷம். என்கிட்ட ஏதோ கேக்கணும்னீங்க. கேளுங்க. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு கேக்கறேன். அந்த போர்டை யார் எழுதினது?

போன வாரம் போனேன் சார், அந்த மியூசியத்துக்கு. கேட்டுல நிக்கறவன் என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, “திறப்பு விழா முடியட்டும், அப்புறம் வாங்க பெரியவரே”ங்கறான். அந்த கேட்டு என் வண்டி சத்தம் கேட்டாலே திறக்கும், ஒரு காலத்துல. சரின்னு சுத்திப் போயி பின்பக்கத்து ஜன்னல் வழியாப் பார்த்தேன். பதினோரு வண்டியும் வரிசையா நிக்குது. நல்லா பாலீஷ் போட்டிருக்கீங்க, குத்தம் சொல்ல மாட்டேன். சுவத்துல ஆள் உயரத்துக்கு ஒரு போர்டு. ‘மயூரா மோட்டார் கம்பெனி நிறுவனர் திரு. அம்பலவாண முதலியார் தம் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார்கள். இவற்றை அவர் தம் கையாலேயே பராமரித்து வந்தார்.’

தம் கையாலேயே!

சார், பதினாறு வருஷம் அவர் பக்கத்துல உக்காந்து வண்டி ஓட்டினவன் நான். அந்தக் கை வெத்தலை மடிக்கறதைப் பார்த்திருக்கேன், செக்குல கையெழுத்துப் போடறதைப் பார்த்திருக்கேன், ஒருத்தன் கன்னத்துல அறையறதைக்கூடப் பார்த்திருக்கேன். ஸ்பேனர் பிடிச்சு ஒரு நாள் பார்த்ததில்ல. ஸ்பேனர் பிடிச்சது இந்தக் கை. பாருங்க, இந்த விரல் நீளாது. பிரேக் டிரம் விழுந்து நசுங்கினது. இது யாரோட பராமரிப்பு?

சரி, உங்க கேள்வியைக் கேளுங்க.

ஓட்டையா?

கண்டுபிடிச்சுட்டீங்களா? பரவால்லியே. ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாடியும், பிரேக் மாட்டற தட்டுல, நாலு ஓட்டை இருக்க வேண்டிய இடத்துல எட்டு. பதினோரு வண்டியிலயும் எட்டு. கடைசி வண்டியில மட்டும் இங்கிலீஷ் பிரேக் செட்டு அப்படியே இருக்கு, மத்ததுல வெறும் ஓட்டைதான் இருக்கு. அதானே கேக்க வந்தீங்க? பேரன் என்ன சொல்றாரு அதுக்கு? ஆராய்ச்சியா? தாத்தா அந்தக் காலத்திலேயே பிரேக்கை வெச்சு ஆராய்ச்சி பண்ணினாருன்னு ரெண்டாவது போர்டு எழுதப் போறாரா? நல்லா இருக்கு கதை. எழுதிக்குங்க, நான் சொல்றேன். இத்தனை வருஷம் இந்த வாய் ஒரு ஆள்கிட்ட திறந்ததில்ல. பொண்டாட்டிகிட்டகூடச் சொன்னதில்ல. அவருக்காகக் காப்பாத்தினேன். இப்ப அவரோட பேரனே அதை எடுத்து போர்டுல போட்டு, அதுலயும் என் பேரை விட்டுட்டா எப்படி?

ஐம்பத்தியேழு. முதல் வண்டி வந்து ஒரு வருஷம்கூட ஆகல. ஏற்காடு போயிட்டு இறங்கிட்டிருக்கோம். முதலாளி எப்பவும் முன் சீட்டுதான், என் பக்கத்துல. பின்னால உக்காந்தா தலை சுத்தும் அவருக்கு. பத்துப் பன்னெண்டு வளைவு இறங்கியாச்சு, பெடல்ல கால் வெக்கறேன், மெத்து மெத்துன்னு போகுது. இன்னொரு தடவை வெக்கறேன், தரையைத் தொட்டுடுச்சு. கை பிரேக்கை இழுத்து, கியரைக் குறைச்சு, மலைப் பக்கத்து வாய்க்கால்ல சக்கரத்தை இறக்கி உரசி உரசி நிறுத்தினேன். கழட்டிப் பார்த்தா, சிலிண்டருக்குள்ள இருக்கற ரப்பர் கப்பு ஊறின வடை மாதிரி உப்பிக் கிடக்கு. நம்ம கம்பெனி ரப்பரு. சமவெளியில ஓட்டினா ஒண்ணும் ஆகாது. மலையிறக்கத்துல சூடு தொடர்ந்து ஏறினா அதுக்குத் தாங்காது.

முதலாளி இறங்கினாரு. ஒரு வளைவு நடந்தே இறங்கினாரு, நான் பின்னாடியே போனேன். ஒரு மரத்தடியில நின்னு, “சென்னியப்பா, எனக்கு வேற போடு”ன்னாரு.

வண்டிக்குன்னு சொல்லல சார். எனக்குன்னாரு. அந்த உயிரை என் கையில குடுத்தாரு மனுசன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் பதினாறு வருஷம் அங்க கிடந்தேன். கம்பெனியில இன்ஜினியர்ங்ககிட்ட சொல்லட்டுங்களான்னு கேட்டேன். திரும்பி ஒரு பார்வை பார்த்தாரு. அவ்வளவுதான். எனக்குப் புரிஞ்சு போச்சு. நான் ஒண்ணும் மக்கு இல்ல.

பம்பாய்ல இருந்து ஒரு செட்டு வரவழைச்சாரு. ஒரே செட்டு. இங்கிலீஷ் சாமான். நம்ம வண்டிக்கு அது பொருந்தாது. தட்டுல புதுசா நாலு ஓட்டை போட்டு, ஒரு வளையம் கடைஞ்சு, நான்தான் பொருத்தினேன். எந்த இன்ஜினியரும் இல்ல, படம் கிடம் இல்ல. இன்னைக்கு உங்க மெட்ராஸ்ல அந்த வேலை செய்ய ஆள் இருக்கானா? சொல்லுங்க.

இப்ப ஆயுத பூஜைக்கு வருவோம். சேலத்துல அப்ப மயூரா கம்பெனி ஆயுத பூஜைன்னா ஊரே வரும். வருஷத்துக்கு ஒரு வண்டி முதலாளிக்குன்னு இறங்கும், பூஜை அன்னைக்கு. பழைய வண்டியை என்ன பண்ணுவாருன்னா, நாலு சக்கரத்தையும் கழட்டி, பானட்டைத் திறந்து, பந்தல்ல நிறுத்தி வெச்சுடுவாரு. ‘நான் ஏறும் வண்டியே நீங்கள் வாங்கும் வண்டி’ன்னு பெரிய எழுத்துல துணி கட்டியிருக்கும். ஏஜெண்டுங்க, பத்திரிகைக்காரங்க எல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பார்ப்பாங்க. டிரம்மு கம்பெனி முத்திரையோட இருக்கும், சிலிண்டர்ல கம்பெனி முத்திரை இருக்கும். ஓட்டையை மட்டும் நான் கிரீஸ் அப்பி மறைச்சிருப்பேன். ஒரு வருஷம் முதலாளி ஓட்டியும் தேயலியேன்னு வாயைப் பிளப்பாங்க. எப்படிங்க தேயும்? மூணு நாளைக்கு முன்னாடி நான் மாட்டினதாச்சே அது! பூஜைக்கு மூணு நாள் முன்னாடி இங்கிலீஷ் செட்டைக் கழட்டி, கம்பெனி செட்டை மாட்டி, பூஜை முடிஞ்ச மறுநாள் இங்கிலீஷ் செட்டைப் புது வண்டியில ஏத்தணும். பழைய வண்டி அப்படியே ஷெட்டுக்குப் போயிடும், வெளிய வராது. யாருக்கும் விக்க மாட்டாரு. ஓட்டை இருக்கே, வித்தா எவனாவது கேப்பானே. வருஷா வருஷம் இதே வேலை. ஒருத்தனுக்குத் தெரியாது. அவருக்கும் எனக்கும்தான்.

சிரிக்காதீங்க. சிரிக்கறதுக்கு என்ன இருக்கு இதுல? பெரிய மனுசன், ஆயிரம் குடும்பம் அவரை நம்பி இருக்கு. கம்பெனி பேரு கெடலாமா?

பன்னெண்டு வண்டியில பதினொண்ணுதான் இருக்கு, ஆறாவது எங்கேன்னு கேக்கப் போறீங்க. தெரியும். அதுக்குத்தான் நோட்டை இப்படிப் பிடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க.

அது என் தங்கச்சி புருஷனுக்குப் போச்சு.

பாவாயின்னு பேரு தங்கச்சிக்கு. அப்பா இல்லாத வீடு, நான்தான் கட்டிக் குடுத்தேன். செங்கோடன்னு ஒரு பையன். லாரி ஓட்டிட்டிருந்தான். நல்ல பையன்தான், இல்லேங்கல. ஆனா ஒரு இடத்துல நிக்க மாட்டான். “மச்சான், எத்தனை நாளைக்கு அடுத்தவன் லாரி? ஏற்காட்டுக்கு ஒரு டாக்சி ஓட்டினா பொழைச்சுக்குவேன்”னு என் பின்னாலயே சுத்தினான். பாவாயியும் சேர்ந்துகிட்டா. “அண்ணா, உங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” அவ கேட்டு நான் எதை இல்லேன்னேன்? சின்ன வயசுல அவளுக்குப் பல்லு வலின்னா நான்தான் முழிச்சுக் கிடப்பேன்.

கேட்டேன். முதலாளி காலைப் பிடிக்காத குறையாக் கேட்டேன். அறுபத்திரெண்டு ஆயுத பூஜை அப்ப. பந்தல்ல நிக்கற ஆறாவது வண்டியைக் காட்டி, “அதை எடுத்துக்கச் சொல்லு”ன்னாரு. நம்ப முடியுதா? யாருக்கும் குடுக்காத மனுசன் எனக்குக் குடுத்தாரு. கம்பெனியில மேனேஜருக்கு மூஞ்சி சுண்டிப் போச்சு. நான் நின்ன நிலையில அழுதுட்டேன். அப்புறம் கிட்டப் போயி, மெதுவா, “பிரேக்குங்க?”ன்னேன். “அதுல நம்ம சரக்கே இருக்கட்டும்”னாரு.

ஆமா, இருந்துச்சு. வேற என்ன பண்ணச் சொல்றீங்க? செட்டு இருக்கறது ஒண்ணு. அது ஏழாவது வண்டிக்குப் போகணும், முதலாளி சாயங்காலம் ஈரோடு கிளம்பறாரு. அதைக் கொண்டுபோய் டாக்சியில மாட்டவா?

ஓட்டையை மட்டும் ஈயம் வெச்சு அடைச்சேன். வெளி ஒர்க்‌ஷாப்புல எவனும் பார்த்துடக் கூடாதுன்னு.

பாவாயி வந்தா சார், வண்டியைப் பார்க்க. குங்குமம், சந்தனம், எலுமிச்சம்பழம், பூசணிக்காயெல்லாம் கூடையில எடுத்துட்டு வந்தா. நாலு சக்கரத்துக்கும் பொட்டு வெச்சா. இங்கிலீஷ் செட்டு பெஞ்சு மேல துணி விரிச்சு அடுக்கி வெச்சிருக்கேன், பளபளன்னு இருக்கு. அவ கிட்ட வந்து, “அண்ணா, இது என்ன சாமான்? இதுக்கும் பொட்டு வெக்கட்டுமா?”ன்னா. “அது உங்க வண்டிக்கு வேண்டாத சாமான் பாப்பா”ன்னேன். அவ வெச்சுட்டுப் போயிட்டா பொட்டு, அதுக்கும். நான் துடைச்சுட்டுத்தான் மாட்டினேன்.

செங்கோடன் கேட்டான், “மலையில எப்படி மச்சான், தாங்குமா?”ன்னு. “முதலாளி ஏறிப் போன வண்டிடா. கண்ணை மூடிட்டுப் போ”ன்னேன். வேற என்ன சொல்வாங்க? ஆசையா வண்டி வாங்கறவன்கிட்ட அபசகுனமாப் பேசுவாங்களா? கம்பெனி வண்டியில எத்தனை பேரு ஏற்காடு போயிட்டு வந்தாங்க. எல்லாருக்குமா போச்சு?

இருபத்திரெண்டாம் நாள்.

மேல எஸ்டேட்டுக்காரங்க யாரையோ இறக்கி விட்டுட்டுக் காலியா இறங்கியிருக்கான். நல்லவேளை, காலி வண்டி. கீழ இருந்து பஸ்சு ஏறி வந்திருக்கு. பஸ் டிரைவர் சொன்னது, மூணு வளைவு முன்னாடியே ஹாரன் சத்தம் கேட்டுதாம். விடாம, கையை எடுக்காம அழுத்திட்டு வந்தானாம். ஜன்னல்ல கையை வெளிய நீட்டி ஒதுங்கு ஒதுங்குன்னு ஆட்டினானாம். பஸ்சு நேரா வந்ததும் அவனே பள்ளத்துப் பக்கம் திருப்பிட்டான்னு சொன்னாரு. பஸ்சுல கல்யாணக் கூட்டம்.

அது அந்த டிரைவர் சொன்னது. நான் சொல்லல. செங்கோடனுக்கு எப்பவுமே ஹாரன் அடிக்கற பழக்கம். தெருவுல கோழி வந்தாக்கூட அடிப்பான். ஹாரன் அடிச்சா பிரேக் இல்லேன்னு அர்த்தமா?

வண்டியைத் தூக்கிட்டு வந்து நம்ம ஷெட்டுலதான் போட்டாங்க. கழட்டிப் பார்த்தது நான்தான். ஆமா, பார்த்தேன். என்ன இருக்கும்? ரப்பர் கப்புதான் இருந்துச்சு. எப்படி இருந்துச்சுன்னு எதுக்கு இப்ப? ஏன், உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் தொழில்காரர்தானே? நான் அதைத் தூக்கி அடுப்புல போட்டேன்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்திருந்தாரு. கம்பெனி ஆபீஸ் ரூம்லயே நாற்காலி போட்டு உக்கார வெச்சாங்க. முதலாளி அந்தப் பக்கம் நிக்கறாரு, வெத்தலை போடாம. பதினாறு வருஷத்துல அன்னைக்குத்தான் அவர் வாயில வெத்தலை இல்லாமப் பார்த்தேன். “பிரேக் எப்படி இருந்துச்சு?”ன்னு அதிகாரி கேட்டாரு. “நல்லா இருந்துச்சுங்க”ன்னேன். “அப்புறம் எப்படி?”ன்னாரு. “பெட்ரோல் மிச்சம் பிடிக்க கியர் போடாம நியூட்ரல்ல இறங்கியிருப்பானுங்க, லாரி ஓட்டின பழக்கம்”னேன். எழுதிக்கிட்டாரு. அப்படி ஒரு தடவை அவன் இறங்கி நான் பார்த்திருக்கேனான்னு கேக்கறீங்களா? லாரிக்காரங்க பூராவும் அப்படித்தானே சார் இறங்குவாங்க!

வெளிய வந்தேன். வேப்பமரத்தடியில பாவாயி உக்காந்திருந்தா, மடியில ரெண்டு வயசுப் பொண்ணு. எழுந்திரிச்சு வந்தா. “அண்ணா, உள்ள என்ன சொன்னே?”ன்னா. “உள்ளதைச் சொன்னேன் பாப்பா”ன்னேன்.

என் மூஞ்சியவே பார்த்துட்டு நின்னா. அப்புறம் குழந்தையை இடுப்புல தூக்கி வெச்சுட்டுப் போனா. போனவதான். அன்னையில இருந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல சார். ஒரு வார்த்தை. என் வீட்டுக்கு வந்துடுன்னு ஆள் விட்டேன், வரல. ஜவ்வரிசி மில்லுல வெயில்ல நின்னு மாவு காய வெச்சு அந்தப் பொண்ணை வளர்த்தா. கல்யாணம் பண்ணினா, எனக்குப் பத்திரிகை இல்ல. தாய்மாமன் சார் நான்! எவனோ ஒருத்தனை உக்கார வெச்சு என் முறையைச் செஞ்சாங்க. என் பொண்டாட்டி செத்தப்ப வந்தா, ஒத்துக்கறேன். பொணத்தைக் கட்டிட்டு அழுதா, என்னைத் தாண்டி நடந்து போயிட்டா. ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கா இப்பவும். ரேஷன் கடையில ஒரே வரிசையில நிப்போம், நடுவுல மூணு பேரு இருப்பாங்க. எழுபத்து மூணு வயசாச்சு, வீம்பு மட்டும் போகல.

அவளுக்கு நான் என்ன துரோகம் பண்ணினேன்? வண்டி கேட்டா, வாங்கிக் குடுத்தேன். ஊர்ல எவனுக்கும் கிடைக்காத வண்டி. அந்த நன்றி வேண்டாமா? விதி முடிஞ்சு போச்சு அவனுக்கு, அதுக்கு அண்ணன்காரன் என்ன பண்ணுவான்? முதலாளி அந்த மாசமே எனக்கு ஒரு கைக்கடிகாரம் குடுத்தாரு, தன் கையில இருந்ததைக் கழட்டி. அவருக்குத் தெரிஞ்சுது என் அருமை. கூடப் பொறந்தவளுக்குத் தெரியல.

என்ன சார், எழுதறதை நிறுத்திட்டீங்க?

மூடாதீங்க நோட்டை. இவ்வளவு நேரம் தொண்டை வறளப் பேசினது எதுக்கு? வந்த வேலையைப் பாருங்க. போர்டுக்கு நானே சொல்றேன், அப்படியே எழுதுங்க. ‘இந்தக் கார்களில் கம்பெனி பிரேக்கைக் கழற்றிவிட்டு, முதலாளியின் உயிருக்குப் பாதுகாப்பாக அயல்நாட்டு பிரேக்கைப் பொருத்தியவர், மெக்கானிக் சென்னியப்பன்.’ எழுதியாச்சா? ஆறாவது வண்டி நிக்க வேண்டிய இடம் காலியா இருக்கே, அங்க ஒரு சின்னப் பலகை வைங்க. ‘ஆறாவது கார், டாக்சிக்குத் தரப்பட்டபோது, முதலாளியின் உத்தரவுப்படி மீண்டும் கம்பெனி பிரேக்கே மாட்டப்பட்டது. மாட்டியவர், மெக்கானிக் சென்னியப்பன்.’ உள்ளபடிக்கு எழுதணும்ல? ஆறாவது வண்டி எங்கன்னு ஜனங்க கேப்பாங்கல்ல?

ஏன் என்னை அப்படிப் பார்க்கறீங்க? நான் என்ன பொய்யா சொல்றேன்? மாட்டினது நான்தானே?

எழுதுங்க சார். நல்லாப் பெரிய எழுத்தா. பேரன்கிட்ட சொல்லி, திறப்பு விழாவுக்கு எனக்கு ஒரு பத்திரிகை அனுப்பச் சொல்லுங்க. பாவாயிக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க, விலாசம் நான் தர்றேன். முன் வரிசையில நாற்காலி போடுங்க அவளுக்கு. அவளுக்கு இப்ப படிக்கத் தெரியும், பார்த்துக்குங்க. அறிவொளி இயக்கம்னு தெருவுக்குத் தெரு சொல்லிக் குடுத்தாங்களே, அதுல ஐம்பது வயசுக்கு மேல போய்க் கத்துக்கிட்டா. பஸ்சுல போனா ஒரு கடை போர்டு விட மாட்டாளாம், விரலை நீட்டி எழுத்துக்கூட்டிப் படிப்பாளாம், அவ பேத்தி சொன்னா.

வரட்டும். அண்ணன் யாருன்னு எழுத்துக்கூட்டிப் படிக்கட்டும். படிச்சு முடிச்சுட்டாவது திரும்பி என்கிட்ட ஒரு வார்த்தை பேசறாளா, பார்ப்போம்.